அயர்லாந்து மூதாதையர் ஆவணங்கள்

அயர்லாந்து வம்சாவளித் தேடலின் பெரும் தடை 1922 சூன் 30 அன்று நேர்ந்தது. உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் ஏற்பட்ட வெடிப்பில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசே அழித்துவிட்டது என்பது பலர் கவனிக்காத செய்தி. முழுமையாக எஞ்சியவற்றுள் பழமையானது 1901 கணக்கெடுப்பே ஆகும்.

கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் அக்காப்பகத்தில் இல்லாததால் தப்பின. ஆயினும் பெயரை மட்டும் கொண்டு தேடினால் வேறொருவரின் குடும்பத்தில் போய் நிற்க நேரிடும். ஒரே பங்கில் ஒரே பெயருடைய பலர் வாழ்ந்தனர். எனவே டவுன்லேண்ட் எனப்படும் மிகச்சிறிய நிலப்பிரிவை அறிவது இன்றியமையாதது. 1847–1864 காலத்துக் கிரிஃபித் நிலமதிப்பீடு டவுன்லேண்ட் வாரியாக நிலம் வைத்திருந்தோரைக் காட்டுகிறது. ஆனால் மனைவி, மக்கள் பெயர்கள் அதில் இல்லை. அவற்றுக்கு 1864இல் அனைவருக்கும் பொதுவாகத் தொடங்கிய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை நாட வேண்டும்.

வயதையும் அப்படியே ஏற்க இயலாது. 1909 முதல் 70 வயதினருக்கு ஓய்வூதியம் வழங்கப்பட்டது. 1901க்கும் 1911க்கும் இடையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் "மூத்தவர்கள்" பலர். பிறப்புச் சான்று இல்லாத விண்ணப்பதாரர்களின் வயதை அறிய அலுவலர்கள் 1841, 1851 கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டிக் குறிப்பெடுத்தனர். ஏடுகள் பின்னர் எரிந்தன. அக்குறிப்புகள் பல இன்றும் உள்ளன.