சேசாசலம் துப்பாக்கிச் சூடு (2015)

2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேசாசலம் காட்டில், ஆந்திர மாநிலச் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினர் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் பல வீடுகளில் இழவு விழுந்தது. ஆளைப் பிடிக்கப் போகும் போலீஸ் எந்த எல்லைவரை பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற விவாதம் இதையொட்டி இரு மாநிலங்களிலும் மூண்டது.

ஜவ்வாது மலையைச் சுற்றிய பகுதிக்கு அந்த விவாதம் புதிதல்ல. 1980 ஆகஸ்டு 6 அன்று திருப்பத்தூர் அருகே, பிடிபட்ட நக்சலைட்டுகளைக் காரில் கொண்டுசென்றபோது குண்டு வெடித்து ஆய்வாளர் பழனிச்சாமியும் காவலர்களும் மாண்டனர். தொடர்ந்து வால்டர் தேவாரம் தலைமையில் வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களில் நடந்த வேட்டைக்கு, அந்த ஆய்வாளரின் மகள் பெயரால் ‘ஆபரேஷன் அஜந்தா’ என்று பெயரிட்டார்கள். அந்த வேட்டையில் இறந்தவர்கள் மோதலில் மாண்டதாகக் காவல்துறை கூறியது. பிடித்துவைத்துச் சுட்டதாக உரிமை இயக்கங்கள் கூறின.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. அதன் வைரம் நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. விலை அந்தச் சிவந்த வைரத்துக்குத்தான். அதனால் மரத்தைச் சாய்த்த இடத்திலேயே பட்டையையும் வெளிறிய மேல்மரத்தையும் கோடரியால் செதுக்கி எறிந்துவிட்டு, உள்கட்டையை மட்டும் தோளில் ஏற்றிக் காட்டைவிட்டு இறக்குவார்கள். கைத்திறன் கூடிய வேலை இது. சந்தன மரத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலையில் அந்தக் கைப்பழக்கம் உண்டு என்பதாலேயே செம்மரக் கடத்தல்காரர்களின் ஏஜெண்டுகள் அங்கு ஆள் தேடி வந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது) சாமை விளையும் மானாவாரி நிலத்தில் ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

துப்பாக்கிச் சூட்டுக்கு முன்பே, 2013 டிசம்பரில் சேசாசலத்தில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சிறையில் அடைக்கப்பட்டு, 2016-இல் விடுதலை ஆனார்கள்.

2015 நிகழ்வு பற்றி இரண்டு கதைகள் உண்டு. மரம் வெட்டிய பெருங்கூட்டத்தைச் சரணடையச் சொன்னதாகவும், அவர்கள் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்குச் சுட்டதாகவும் சிறப்புப் படை கூறியது. ஓரிடத்தில் 9 உடல்கள், இன்னோரிடத்தில் 11. உடல்களின் அருகே கிடந்த கட்டைகள் சிலவற்றில் பெயிண்டும் எண்களும் இருந்ததைப் படங்களில் கண்டவர்கள், இவை முன்பே பறிமுதலாகிக் கிடங்கில் இருந்தவையோ என்று கேட்டார்கள். உடல்களில் தீக்காயம் இருந்ததாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. அதை ஆந்திரத் தரப்பு ஏற்கவில்லை.

மறுதரப்பின் கதை காட்டில் தொடங்குவதில்லை, பஸ்ஸில் தொடங்குகிறது. முதல்நாளே வழியில் பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் கூறினர். அவர்களில் ஒருவர் பிழைத்தது இருக்கையால்: ஒரு பெண்ணின் அருகே உட்கார்ந்திருந்ததால், அவரை அந்தப் பெண்ணின் குடும்பத்தவர் என்று எண்ணி விட்டுவிட்டார்களாம். ‘மக்கள் கண்காணிப்பகம்’ உதவியோடு சாட்சிகள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வாக்குமூலம் அளித்தனர்.

தமிழ்நாட்டின் அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தார். திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் ஆறு உடல்களுக்கு நீதிமன்ற ஆணைப்படி மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. இறுதிச் சடங்கைத் தள்ளிப்போட்டு உடலைக் காத்துவைக்க அந்தக் குடும்பங்கள் சம்மதித்தது சிறிய காரியமல்ல. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையும் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் வேண்டும் என்றது ஆணையம். ஆந்திர அரசு ஐதராபாத் உயர் நீதிமன்றத்தில் அதற்குத் தடை பெற்றது. மாநில அரசே அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரணையை மேற்கொண்டது.

சட்ட வாதம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவைச் சுற்றியது. கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் அது அனுமதித்தது; ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்கும் உரிமையைத் தரவில்லை. மரம் வெட்டியது மட்டும் அத்தகைய குற்றமல்ல. எனவேதான் போலீஸ் தரப்பு கைதைவிடத் தற்காப்பையே பிடித்துக்கொண்டது. ‘என்கவுன்டர்’ சாவுகளை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது 2014 செப்டம்பரில். அதன்பின் ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஐவரின் உடல்கள் மிதந்தன. மூழ்கி இறந்தார்களா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பழைய 46-ஆம் பிரிவின் உயிர்ப் பாதுகாப்பை 43-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. அதே பிரிவில், மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவருக்குக் கைவிலங்கு போடவும் இடம் தந்திருக்கிறது.