666: எண்ணால் எழுதிய தீர்ப்பு

வெளிப்படுத்தின விசேஷத்தின் (கத்தோலிக்கர் வழக்கில் திருவெளிப்பாடு) 13ஆம் அதிகாரம், புத்தியுள்ளவன் மிருகத்தின் எண்ணைக் கணக்குப் பார்க்கட்டும் என்று அழைத்து, 666 என்ற தொகையைத் தந்து முடிகிறது. அந்த அழைப்பை ஏற்றுக் கணக்குப் போட்டவர்களுக்குத்தான் கணக்கில்லை. பாப்பரசர், லூத்தர், நெப்போலியன் என்று அவரவர் காலத்துப் பகைவர் பெயரெல்லாம் அதற்குள் அடங்கிற்று. எண் ஒரு பூட்டு, பெயர் அதன் சாவி என்று எல்லோரும் கொண்டார்கள். அந்தக் கொள்கையே பிழை என்பது என் வாதம். எண் பெயரை மறைக்கவில்லை. ஊரறிந்த பெயர் ஒன்றின்மேல் அது தீர்ப்பு எழுதுகிறது.

கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் எழுத்துகளே எண்களாகவும் வழங்கின. ஆகவே எந்தப் பெயரையும் கூட்டித் தொகை காணலாம். தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. நமக்கும் 'அ' எட்டு, 'வ' கால். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் எட்டும் காலும் சேர்ந்து 'அவ' என்றாகி, எதிராளிமேல் வசையாய் விழுகிறது. யாரைத் திட்டினார் என்று அங்கே எவரும் தேடுவதில்லை. ஆள் எதிரிலேயே நிற்கிறார். என்னவென்று திட்டினார் என்பதைக் கண்டுகொள்வதில்தான் சுவை.

உரோமப் பேரரசில் இவ்வழக்கம் இரு விதமாக நடந்தது. பொம்பேயின் சுவரொன்றில் ஒருவன் தன் காதலியின் எண் 545 என்று மட்டும் கிறுக்கிப் போயிருக்கிறான், அது மறைப்பு. நீரோ காலத்தில் பரவிய வசை ஒன்றை உரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் பதிவு செய்கிறார். 'நீரோ' என்ற பெயரின் கிரேக்கத் தொகை 1005. பெற்ற தாயைக் கொன்றான் என்ற பொருள்படும் கிரேக்கத் தொடரின் தொகையும் அதுவே. இங்கே பெயர் வெளிப்படை. கணக்கு வெளிக்கொண்டு வருவது அந்த ஆளின் இயல்பை.

666 இவற்றுள் எந்த வகை? 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மானிய அறிஞர் சிலர் முன்வைத்த விடை இன்றும் வலுவுடன் நிற்கிறது. 'நேரோன் கேசர்' என்று எபிரேய எழுத்தில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200, கூட்டுத்தொகை 666. கேசர் என்பதை 'யோத்' சேர்த்து எழுதுவதே பெருவழக்கு, அப்போது 676 வரும் என்ற மறுப்பு நெடுநாள் இருந்தது. யூதேயப் பாலைவனத்து முரபாத் குகைகளில் கிடைத்த அரமேயக் கடன் பத்திரம் ஒன்று, நீரோவின் இரண்டாம் ஆட்சியாண்டைக் குறிக்கும்போது, 'யோத்' இல்லாமலே அப்பெயரை எழுதியிருக்கிறது. மறுப்பு தளர்ந்தது.

பாடபேதம் இன்னும் சுவையானது. 1999இல் பதிப்பிக்கப்பட்ட ஆக்சிரிங்கஸ் பாப்பிரஸ் ஒன்றில் எண் 616 என்றிருக்கிறது. பழைய கிரேக்க விவிலியப் பிரதியான எப்ரேமி ஏட்டிலும் அப்படியே. இலத்தீன் முறைப்படி இறுதி நூனை விட்டு 'நேரோ' என்று எழுதினால் 50 குறைந்து சரியாக 616 கிடைக்கிறது. ஆனால் இதைச் சான்றாக ஆக்கிவிடக் கூடாது. கிரேக்கத்தில் 'காயுஸ் கைசார்', அதாவது கலிகுலா, என்ற பெயரும் 616தான். கணக்குத் தனியே நின்றால் எவனுக்கும் வளைந்து கொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கை இல்லை.

எதிர்வாதங்களில் கனமானது திருச்சபைத் தந்தை ஐரேனியஸை வைத்து எழுவது. அவர், இந்நூல் யாருக்கு எழுதப்பட்டதோ அந்த ஏழு சபைகளுள் ஒன்றான சிமிர்னாவில் அதன் ஆயர் பாலிகார்ப்பிடம் கேட்டு வளர்ந்தவர். கி.பி. 180ஐ ஒட்டி எழுதியபோது 616ஐப் படியெடுத்தோர் பிழை என்று தள்ளி, ஏவாந்தாஸ், லாத்தீனோஸ், தைத்தான் என்ற மூன்று பெயர்களைச் சொல்கிறார். நீரோவின் பெயர் வரவில்லை. அவர் கிரேக்கத்திலேயே கூட்டிப் பார்த்தார் என்பது ஒரு பாதி விளக்கம். நூலாசிரியரோ அபத்தோன், அர்மகெதோன் என்ற பெயர்களை எபிரேயம் என்று சொல்லியே தருபவர். அம்மொழியில் கூட்டும்படி எதிர்பார்த்திருக்கலாம். மறுபாதிக்கு என்னிடம் முழு விடை இல்லை. மரபு அறுந்திருக்க வேண்டும். என்றாலும் பொருந்தும் பெயர்கள் பல உண்டு, ஆகையால் துணிந்து சொல்லாதீர் என்ற அவருடைய எச்சரிக்கையை, பின்னாளில் அவரை மேற்கோள் காட்டியவர்கள் வசதியாக மறந்தார்கள்.

அரசுக்கு அஞ்சி ஆசிரியர் எண்ணுக்குள் ஒளிந்தார் என்பது பரவலான விளக்கம். அது நிற்காது. 17ஆம் அதிகாரத்தில் அவரே ஏழு மலைகள்மேல் அமர்ந்து பூமியின் அரசர்களை ஆளும் நகரம் என்று எழுதுகிறார். முதல் நூற்றாண்டு வாசகன் எவனுக்கு அது உரோம் என்று தெரியாது? பெர்கமுவில் அகஸ்துவுக்குக் கோயில் எழும்பி நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. ஆசியச் சபைகளுக்குப் பேரரசு என்ற ஒன்று இருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பளபளப்பின் கீழ் எது இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. 'தேரியோன்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மிருகம் என்று பொருள். அதையே எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினாலும் 666 வருகிறது. விவிலிய அறிஞர் ரிச்சர்ட் பாக்கம் அழுத்திக் காட்டிய பொருத்தம் இது. தாய்க்கொலை வசையின் அமைப்பேதான்: பெயரும் பட்டமும் ஒரே தொகை.

அப்படியானால் கி.பி. 68இல் செத்த நீரோவை, தொமித்தியன் ஆட்சியின் இறுதியில் எழுந்ததாக ஐரேனியஸ் கூறும் நூல் ஏன் பேசுகிறது? நீரோ சாகவில்லை, கிழக்கிலிருந்து திரும்புவான் என்ற பேச்சு ஓயவில்லை. போலி நீரோக்களும் தோன்றி மறைந்தார்கள். ஆசிரியர் அந்த ஊர்ப்பேச்சை நம்பினார் என்பதைவிட, எடுத்துக் கையாண்டார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. மிருகத்தின் தலைகளில் ஒன்று 'கொல்லப்பட்டது போல்' இருந்து பிழைக்கிறது. அதற்கு அவர் இடும் கிரேக்கச் சொல், 5ஆம் அதிகாரத்தில் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டிக்கு இட்ட அதே சொல். 'இருந்தது, இல்லை, வரும்' என்பது மிருகத்தின் இலக்கணம். 'இருக்கிறவர், இருந்தவர், வருகிறவர்' என்று கடவுளைச் சொன்ன வாய்பாட்டின் போலி. நீரோ என்ற தனிமனிதன் இங்கே அச்சு; அதில் வார்க்கப்படுவது உயிர்த்தெழுதலையே நடித்துக் காட்டும் அதிகாரம். கணக்கு ஒரு பெயரில் முடிந்தும் குறியீடு அப்பெயரோடு முடியாதது இதனால்தான்.

இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. அது 666 என்ற எண்ணோடு நூலை வெட்டி நிறுத்துகிறது. சபையில் உரக்க வாசிக்கக் கேட்டவர்களுக்கு அந்த வெட்டு இல்லை. நெற்றியிலும் கையிலும் மிருகத்தின் குறி, அதன் எண் என்று கேட்ட மூச்சிலேயே அடுத்த காட்சி: சீயோன் மலை, ஆட்டுக்குட்டி, உடன் நிற்கும் 1,44,000 பேர். அவர்கள் நெற்றியிலும் எழுத்து உண்டு. அங்கே எண் இல்லை, பெயரே எழுதியிருக்கிறது.