நீரினுள் இட்ட அத்திவாரம்

கட்டடங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நிலத்திற்கு மேலே கண்ணுக்குப் புலப்படுவனவற்றையே எழுதினர். தூணும் வளைவும் கோபுரமும் அவர்தம் ஏடுகளை நிறைத்துள்ளன. அத்திவாரமோ பிழைத்துப்போன பின்னரே பேசப்படுகின்றது. அவ்வாறு பிழைத்த அத்திவாரத்திற்கு யாரிடம் ஆலோசனை பெறுவது, பெற்ற ஆலோசனையை யாரைக்கொண்டு நிறைவேற்றுவது என்னும் வினாக்களுக்கு இங்கிலாந்தின் வின்செஸ்ரர் பேராலயத்தில் 1905 முதல் 1912 வரை நிகழ்ந்த திருத்த வேலை அளித்த விடை, பொறியியல் மாணவர்க்கு மட்டுமன்றி வரலாற்று மாணவர்க்கும் உரியதாகும்.

இப்பேராலயம் 1079 இல் தொடங்கப்பெற்றது. 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் கொட்பிறி டி லூசி என்பார் அதன் கிழக்குப் பகுதியை விரிவாக்கினார். இச்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த அந்நிலம் ஈரம் மிக்கது. மேற்படையின் கீழே, அழுகிய தாவரங்கள் செறிந்த முற்றா நிலக்கரி என்னும் மென்மையான படை. அதற்குங் கீழேதான் உறுதியான பரற்படை. ஊறிவரும் நீரை வென்று பரல்வரை தோண்டுதற்கேற்ற பொறிகள் அக்காலத்தில் இல்லை. ஆகவே பீச் மரக்குற்றிகளைத் தெப்பம்போலக் கிடையாக அடுக்கி, அவற்றின்மீது சுவரை எழுப்பினர். இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் நின்ற சுவரைக் கட்டியவரைப் பழிக்குமுன், நாம் கட்டுவன எத்தனை ஆண்டுகள் நிற்கும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். எனினும் பாரத்தின்கீழ் மென்படை அமுங்கியது. சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்ந்தன. வளைகூரையில் வெடிப்புகள் விரிந்தன.

1905 இல் இவற்றை ஆராய்ந்தவர் தோமஸ் கிரகாம் ஜக்சன் என்னும் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர். சுவரின் கீழே சிறிது சிறிதாகத் தோண்டிப் பரல்வரை புதிய அத்திவாரம் இடுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. கருத்து சரியானதே. ஆனால் முற்றா நிலக்கரிப் படையை வெட்டியதும் கீழிருந்து நீர் பொங்கிக் குழியை நிறைத்துவிடும் நிலை இருந்தது. இவ்விடத்தில் ஜக்சன் செய்த செயலே இவ்வரலாற்றின் திருப்பம் என நாம் கருதுகின்றோம். தம் துறையறிவு எங்கே முடிகின்றது என்பதை உணர்ந்து, நீருக்கடியிலும் மலைக்கடியிலும் சுரங்கவழி அமைத்த அனுபவமுள்ள பொறியியலாளர் பிரான்சிஸ் பொக்ஸின் துணையை அவர் நாடினார்.

நீரை இறைத்துவிட்டு வேலை செய்யலாமே என்பது எவர்க்கும் எளிதில் தோன்றும் யோசனை. கிணறு இறைப்போர் இதன் மறுபக்கத்தை அறிவர். வேகமாக இறைத்தால் நீர் கலங்கும். அக்கலங்கல் அருகிலுள்ள நிலத்திலிருந்து பெயர்ந்துவந்த மண்ணேயன்றி வேறன்று. வின்செஸ்ரரில் அம்மண்ணின் மேலேயே பேராலயம் நின்றது. அதனை இறைத்தெடுப்பது எஞ்சிய ஆதாரத்தையும் அகற்றுவதாகவே முடிந்திருக்கும். எனவே நீரை அதன் இடத்திலேயே விட்டு, அதனுள் ஒரு சுழியோடியை இறக்குமாறு பொக்ஸ் ஆலோசனை கூறினார்.

அச்சுழியோடியே வில்லியம் வோக்கர். 1906 முதல் 1911 வரை, சுவரடியில் வெட்டப்பட்ட ஒடுங்கிய குழிகளுள், 6 மீற்றர் வரையான ஆழத்தில் அவர் பணிபுரிந்தார். கலங்கிய நீரில் விளக்கினாற் பயனில்லை, கைகளே கண்களாயின. எஞ்சிய மென்படையை வெட்டியெடுத்து, பரலின்மீது கொங்கிறீற்றுச் சாக்குகளைத் தடவித் தடவிப் பரப்பி, நீர் ஊறும் வழியை அவர் அடைத்தார். அடைத்த பின்னர் நீரை இறைப்பதால் ஊறில்லை. உலர்ந்த குழியில் ஏனைய தொழிலாளர் இறங்கிக் கற்களாலும் செங்கற்களாலும் சுவரின் அடிவரை கட்டினர். பின்னரே அடுத்த குழி வெட்டப்பட்டது. ஒரேவேளையில் நெடுகத் தோண்டியிருந்தால் சுவர் தாங்கியிராது. இவ்வேலைக்கு 25,800 சாக்குக் கொங்கிறீற்றும், 114,900 கொங்கிறீற்றுக் கற்களும், 900,000 செங்கற்களும் சென்றன எனப் பேராலயம் கணக்குத் தருகின்றது. தெற்குச் சுவர்க்கு வெளியே உதைசுவர்களும் எழுப்பப்பட்டன.

1912 யூலை 15 ஆம் நாள் நடைபெற்ற நன்றி வழிபாட்டில் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் கலந்துகொண்டார். வோக்கருக்கு றோயல் விக்ரோறியன் விருதும் கிடைத்தது. ஆறு ஆண்டுகளின் பின், 1918 இல், உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா நோயால் அவர் மாண்டார்.

அவர் நினைவாக 1964 இல் பேராலயத்தில் ஒரு சிலை வைக்கப்பட்டது. சுழியோடியின் உடையணிந்த அச்சிலையின் முகம் பொக்ஸின் முகமாய் அமைந்துவிட்டது. பழைய புகைப்படம் ஒன்றில் ஆளை மாற்றி அடையாளங் கண்டதால் நேர்ந்த தவறு அது. ஆலோசனை கூறியவரின் முகத்தை, அதனை இருளில் நின்று நிறைவேற்றியவரின் உடலில் பொருத்திய அப்பிழையைத் திருத்த 2001 வரை செல்லவேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே வோக்கரின் முகத்துடன் வேறொரு சிலை நிறுவப்பட்டது.

மழை மிகுந்த காலங்களில் பேராலயத்தின் நிலவறையுள் இன்றும் நீர் ஏறுகின்றது. அதனை எவரும் தடுப்பதில்லை.