பல்மட்ட மெட்டா பகுப்பாய்வில் மாறற்றிறன் கூறுகளைச் சோதித்தல்: யாழ்ப்பாண உளநல ஆய்வுகளை முன்வைத்து

ஒரே பொருள் பற்றிய பல ஆய்வுகளின் முடிவுகளை நிறையிட்டு ஒன்றுசேர்க்கும் புள்ளிவிபரவியல் முறையே மெட்டா பகுப்பாய்வு. சேர்க்கப்படும் எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது, அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது அதன் மையக் கேள்வியாகிறது. மும்மட்ட மாதிரியுரு அவ்வேறுபாட்டை மூன்றாகப் பிரிக்கும். முதலாவது, ஒவ்வொரு மதிப்பீட்டிலும் உள்ள மாதிரியெடுப்பு வழு. இரண்டாவது, ஓர் ஆய்வுக்குள்ளேயே ஒரு முடிவுக்கும் இன்னொரு முடிவுக்கும் இடையிலான வேறுபாடு. மூன்றாவது, ஆய்வுக்கு ஆய்வு உள்ள வேறுபாடு. மாதிரியெடுப்பு வழு அறியப்பட்டதாகக் கொள்ளப்படும். மற்ற இரண்டும் தரவிலிருந்து மதிப்பிடப்பட வேண்டிய மாறற்றிறன் கூறுகள். இவற்றுள் ஒன்று சூனியமா என்று சோதித்து, புள்ளிவிபரப் பொருண்மை இல்லையெனின் அந்த மட்டத்தையே மாதிரியுருவிலிருந்து நீக்கிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் சிலவே உள்ள ஒரு பிரதேசத்தில் இவ்வழக்கம் எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதை யாழ்ப்பாணத்தை ஒட்டிய உளநல ஆய்வுகளைக் கொண்டு காட்டலாம்.

தயா சோமசுந்தரமும் சிவயோகனும் 1994 இல் பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்ட யாழ்ப்பாணக் குடிமக்கள் ஆய்வில் மனவடு நோய் 27 சதவீதம். கிளவுடியா கட்டானியும் குழுவினரும் வடகிழக்கின் 296 தமிழ் மாணவரிடம் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வில் அது 30.4 சதவீதம். ஃபரா ஹுசைன் குழுவினர் போர் முடிந்த கையோடு, 2009 ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை, யாழ் மாவட்டத்தில் நடத்திய ஆய்வில் 7.0 சதவீதம் மட்டுமே. கடைசி ஆய்வு இரு இடம்பெயர்ந்தோர் முகாம்கள் உட்பட 1,517 வீடுகளை உள்ளடக்கியது. 1,400 இற்கு மேற்பட்டோர் அதில் பதிலளித்தனர். பதகளிப்பு 32.6 சதவீதமாகவும் மனச்சோர்வு 22.2 சதவீதமாகவும் அதில் பதிவாகின. ஏறத்தாழ முப்பது வருடப் போர் ஓய்ந்து சில மாதங்களுக்குள் எடுக்கப்பட்ட கணக்கில் மனவடு நோய் மிகக் குறைவாக வந்தமை எவரையும் ஒருகணம் நிறுத்தி யோசிக்க வைக்கும்.

இந்த வேறுபாடு தற்செயலானதா? பின்னிரு ஆய்வுகளை மட்டும் எடுத்துக் கணிக்கலாம். 30.4 சதவீதத்தின் வாய்ப்பு விகித மடக்கை -0.83. 7.0 சதவீதத்தினுடையது -2.59. இடைவெளி 1.76. எளிய ஈருறுப்புக் கணிப்பின்படி முதலாவதன் மாதிரியெடுப்பு மாறற்றிறன் ஏறத்தாழ 0.016. இரண்டாவதனுடையது 0.011. இடைவெளியின் வர்க்கத்தை இவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கொக்ரனின் ஒவ்வாமைச் சோதனை எண் 115 அளவில் வரும். ஒரு சுயாதீனப் படிக்கு 5 சதவீத மட்டத்தில் வேண்டிய அவதி எண் 3.84 தான். ஹுசைன் குழுவினரின் மாதிரி பல படிகளில் கொத்துக் கொத்தாக எடுக்கப்பட்டது. ஒரே கொத்தில் உள்ளோர் ஒத்த அனுபவம் உடையவர்களாதலால் எளிய கணிப்பு அந்த ஆய்வின் வழுவைக் குறைத்தே காட்டும். அதன் மாறற்றிறனை மும்மடங்காக்கிப் பார்த்தாலும் சோதனை எண் 63 இற்குக் கீழே இறங்காது.

ஆகவே "வேறுபாடு உண்டா" என்ற சோதனை இங்கு வீண் வேலை. விடை தெரிந்த கேள்வி அது. அறிய வேண்டியது அந்த வேறுபாடு எந்த மட்டத்துக்குரியது என்பதே. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஓர் ஆய்விலிருந்து ஓர் எண் மட்டுமே எடுக்கப்பட்டால், ஆய்வுக்குள் உள்ள கூற்றையும் ஆய்வுகளுக்கிடையிலான கூற்றையும் பிரிக்க எந்தச் சோதனையாலும் முடியாது. இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே தரவில் தெரியும். மென்பொருள் அப்போதும் இரண்டு எண்களைத் தந்துவிடும் என்பதுதான் ஆபத்து. சாத்தியப்பாட்டுச் சார்பை ஒவ்வொரு கூற்றின் வழியாகவும் வரைந்து பார்த்தால் கோடு மட்டமாகக் கிடப்பது தெரியும். அப்படிக் கிடந்தால் அந்த மதிப்பீட்டுக்குப் பொருள் இல்லை.

பல எண்கள் கிடைக்கும் ஆய்வுகளில் பிரித்தல் இயலும். கொன்ஸ்தாந்தோபுலஸ் 2011 இல் மும்மட்ட முறையை விளக்க எடுத்துக்கொண்ட அமெரிக்கத் தரவு இதற்கு நல்ல உதாரணம். பாடசாலை நாட்காட்டியை மாற்றியமைப்பது பற்றிய அத்தரவில் 11 கல்வி மாவட்டங்களும் அவற்றுக்குள் 56 முடிவுகளும் இருந்தன. மாவட்டங்களுக்கிடையிலான கூறு 0.065 என்றும் மாவட்டத்துக்குள் உள்ள கூறு 0.033 என்றும் வந்தன. வேறுபாட்டின் மூன்றில் இரண்டு பங்கு மாவட்டத்துக்குரியது என்று அங்கு சொல்ல முடிந்தது. யாழ்ப்பாணத் தரவில் அதே கணிப்பைச் செய்ய முனைவோர், சோதனைக்கு முன்பே சில விடயங்களைத் தீர்த்தாக வேண்டும்.

முதலாவது, சராசரிப் பகுதி. ஹுசைன் குழுவினரின் 7.0, 22.2, 32.6 என்ற மூன்று எண்களை நோய்வகை வேறுபடுத்தாமல் உள்ளிட்டால் ஆய்வுக்குள் உள்ள கூறு பெரிதாக வரும். சோதனையும் பொருண்மை காட்டும். மனவடு நோயும் பதகளிப்பும் வேறுவேறு நோய்கள் என்பதைத் தவிர அதில் கண்டறிந்தது எதுவுமில்லை. நோய்வகையை நிலையான விளக்கமாறியாகச் சேர்த்த பின் எஞ்சுவதே சோதிக்கத்தக்க கூறு. இரண்டாவது, வழுக்களின் இணைவு. அந்த மூன்று எண்களும் ஒரே மனிதரிடம் பெறப்பட்டவை. பதகளிப்பு உள்ளவரிடம் மனச்சோர்வும் கூடவே காணப்படும் என்பதால் மாதிரியெடுப்பு வழுக்கள் ஒரே திசையில் சாயும். வழமையான மும்மட்ட மாதிரியுரு அவற்றைச் சுயாதீனமானவை என்று கொள்கிறது. விளைவாக, பொதுவழு முழுவதும் ஆய்வுகளுக்கிடையிலான வேறுபாடாக வேடம் பூணும். அக்கூறு வீங்கும், ஆய்வுக்குள் உள்ள கூறு சுருங்கும். மூன்றாம் மட்டச் சோதனை அப்போது பொருண்மை காட்டினால் அது வழுவின் பொருண்மையே அன்றி ஆய்வுகளின் பொருண்மை அன்று.

இவை தீர்ந்த பின்னரே சோதனை முறை பற்றிப் பேசலாம். மாறற்றிறன் எதிர்க்கணியமாக இருக்க முடியாது. எனவே "கூறு சூனியம்" என்ற சூனியக் கருதுகோள் சாத்தியமான பெறுமானங்களின் எல்லை விளிம்பில் நிற்கிறது. மதிப்பீட்டை நியம வழுவால் வகுத்து செவ்வன் பரம்பல் அட்டவணையைப் பார்க்கும் வால்ட் சோதனை அந்த விளிம்பில் செல்லாது. அங்கே மதிப்பீட்டின் பரம்பல் ஒருபக்கம் சாய்ந்தும் சூனியத்தில் குவிந்தும் கிடக்கும். கூறு உள்ள மாதிரியுருவையும் இல்லாத மாதிரியுருவையும் ஒப்பிடும் சாத்தியப்பாட்டு விகிதச் சோதனை இதைவிட மேலானது. ஆனால் அதன் பரம்பலும் வழமையான கைவர்க்கப் பரம்பல் அல்ல. செல்ஃப், லியாங் இருவரின் 1987 ஆம் ஆண்டுக் கட்டுரையும், கலப்பு மாதிரியுருக்களுக்கு அதை விரித்த ஸ்ட்ராம், லீ இருவரின் 1994 ஆம் ஆண்டுக் கட்டுரையும் காட்டுவது இதுதான்: ஒரு கூற்றைச் சோதிக்கும்போது, சூனியக் கருதுகோள் உண்மையாயின், சோதனை எண் பாதித் தடவை சூனியமாகவே வரும், மறுபாதியில் ஒரு படிக் கைவர்க்கமாகப் பரம்பும். ஆகவே 5 சதவீத மட்டத்துக்கு வேண்டிய அவதி எண் 3.84 அல்ல, 2.71. மென்பொருள் தரும் நிகழ்தகவை வழமையான அட்டவணையிலிருந்து எடுத்திருந்தால் அதைப் பாதியாக்க வேண்டும். இரு கூறுகளையும் ஒருசேரச் சோதித்தால் கலவை வேறு. கால், அரை, கால் என்ற பாடநூல் நிறைகள்கூட இரு மதிப்பீடுகளும் தம்முள் தொடர்பற்றிருந்தால்தான் பொருந்தும்.

பாதிக்குப் பாதி என்ற விதியும் பெரிய எண்ணிக்கைக்கு உரியது. ஆய்வுகள் சிலவாக இருக்கையில் சூனியத்தில் விழும் பங்கு பாதியைத் தாண்டும் என்பதைக் கிரைனிசியானுவும் ரூபர்ட்டும் 2004 இல் காட்டினர். அந்நிலையில் அட்டவணையை நம்பாமல், சூனியக் கருதுகோளின்படி செயற்கைத் தரவைப் பல்லாயிரம் தடவை உருவாக்கிச் சோதனை எண்ணின் பரம்பலை நேரே கணிப்பதே தகும். இன்றைய மடிக்கணினியில் அது பெரிய வேலையும் அல்ல.

முறை சரியாக இருந்தாலும் எண்ணிக்கையின் வறுமை தீராது. ஐந்து ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றில் மாதிரியெடுப்பு வழுவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுகளுக்கிடையிலான மாறற்றிறன் 1 என்று மதிப்பிடப்பட்டால், நான்கு படிக் கைவர்க்கத்தின்படி அதன் 95 சதவீத நம்பிக்கை ஆயிடை 0.36 தொடக்கம் 8.26 வரை நீளும். உண்மைத் தரவில் வழுவும் சேர்வதால் ஆயிடை இதைவிடவும் அகலும், கீழ்முனை எளிதில் சூனியத்தைத் தொடும். அத்தகைய தரவில் பொருண்மை கிடைக்கவில்லை என்றால் சோதனைக்கு வலு இல்லை என்பதே பெரும்பாலும் செய்தி.

ஆயினும் அந்தச் செய்தியை வைத்து மட்டத்தை நீக்குகிறார்கள். அதன் விலையைக் கணக்கிடலாம். ஐந்து ஆய்வுகள், ஒவ்வொன்றிலும் ஆறு முடிவுகள், இரு கூறுகளும் தலா 0.05 என்று கொள்க. மாதிரியெடுப்பு வழுவை விட்டுவிடுக. மும்மட்ட மாதிரியுருவில் ஒட்டுமொத்தச் சராசரியின் நியம வழு 0.108. மூன்றாம் மட்டத்தை நீக்கி முப்பது முடிவுகளையும் சுயாதீனமாகக் கொண்டால் அது 0.058 ஆகிவிடும். நம்பிக்கை ஆயிடை ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். முப்பது சாட்சிகள் சொன்னதாக அறிக்கை பேசும், உண்மையில் சொன்னவர் ஐவர். மறுதலையாக, உண்மையில் சூனியமான ஒரு கூற்றை மாதிரியுருவில் விட்டுவைப்பதால் வரும் நட்டம் சொற்பம்: மதிப்பீடு சூனியத்தை ஒட்டி நிற்கும், சராசரியின் ஆயிடை சற்றே அகலும். இரு பிழைகளின் விலையும் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்க, மட்டத்தை வைப்பதா விடுவதா என்ற முடிவை 5 சதவீதச் சோதனையிடம் ஒப்படைப்பதற்கு நியாயம் இல்லை. தரவு எவ்வாறு சேகரிக்கப்பட்டது என்பதே மட்டங்களைத் தீர்மானிக்க வேண்டும். ஓர் ஆய்விலிருந்து பல எண்கள் வந்தால் அங்கு மட்டம் உண்டு. ஹெட்ஜஸ், டிப்டன், ஜோன்சன் 2010 இல் முன்வைத்த உறுதியான மாறற்றிறன் மதிப்பீட்டையும் கூடவே இட்டால், மாதிரியுரு சற்றுப் பிசகினாலும் ஆயிடை பெருமளவு காப்பாற்றப்படும். ஆனால் சில ஆய்வுகளே இருந்தால் அதற்கும் சிறுமாதிரித் திருத்தம் வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: மட்டங்களைத் தாராளமாக அடுக்கிக்கொண்டே போனால் எங்கு நிற்பது? இது நியாயமான கேள்வி. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்ற பிரிவை நான்காவது மட்டமாக்கும் ஆசை யாழ்ப்பாண ஆய்வாளருக்கு எழுவது இயல்பு. ஆனால் இந்நான்கும் ஏதோ பெரிய பிரதேசக் குடித்தொகையிலிருந்து எழுந்தமானமாக எடுக்கப்பட்டவை அல்ல. நான்கு அலகுகளிலிருந்து ஒரு மாறற்றிறனை மதிப்பிடுவதும் பயன் தராது. அவற்றை நிலையான விளக்கமாறியாக வைத்தால் போதும். மாவட்டத்தின் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளோ கிராம அலுவலர் பிரிவுகளோ என்றால் கதை வேறு. அங்கு மாறற்றிறன் கூறு பொருளுள்ளது, சோதனைக்கும் ஓரளவு வலு உண்டு.

சோதனைக்கு உரிய இடம் கூறே ஆய்வின் கேள்வியாக அமையும் இடம். அங்கும் தனியே நிகழ்தகவை எழுதிவிட்டுப் போகாமல், சாத்தியப்பாட்டுச் சார்பின் வழியாகக் கணித்த நம்பிக்கை ஆயிடையைக் கூற்றுடன் தர வேண்டும். கூறு எதனால் சுருங்குகிறது என்பது அதைவிடப் பயன் தரும். ஸ்டீல் குழுவினர் 2009 இல் 40 நாடுகளின் 181 ஆய்வுகளைத் தொகுத்தபோது மனவடு நோயின் அளவு ஆய்வுக்கு ஆய்வு 0 தொடக்கம் 99 சதவீதம் வரை கிடந்தது. மாதிரியெடுப்பு, அளவீட்டு முறை முதலிய ஆய்வுமுறைக் காரணிகள் அதில் 12.9 சதவீதத்தை விளக்கின. சித்திரவதை பற்றிய தகவலைச் சேர்த்தபோது மேலும் 23.6 சதவீதம் விளங்கியது. ஹுசைன் குழுவினரின் ஆய்விலும் இதே தர்க்கம் வேறு வடிவில் வருகிறது. இடம்பெயர்ந்திருந்தோரிடம் மனவடு நோய்க்கான வாய்ப்பு நீண்டகாலமாக அங்கு வசிப்போரைவிட 2.71 மடங்கு. போர் அனுபவங்களைக் கணக்கில் எடுத்ததும் அத்தொடர்பு மறைந்துவிட்டது. வேறுபாடு முகாமுக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ளதுபோலத் தோன்றியது. உண்மையில் பட்ட துன்பத்தின் அளவில் இருந்தது.

27, 30.4, 7.0 என்ற எண்களுக்கிடையே அத்தகைய விளக்கத்தைத் தேடுவது இன்னும் கடினம். மூன்றும் வேறுவேறு காலத்தில், வேறுவேறு வயதினரிடம், வேறுவேறு முறையில் பெறப்பட்டவை. ஹுசைன் குழுவினர் ஹார்வர்ட் அதிர்ச்சி வினாக்கொத்தைப் பயன்படுத்தினர். பதகளிப்புக்கும் மனச்சோர்வுக்கும் ஹொப்கின்ஸ் அறிகுறிப் பட்டியலை. கட்டானி குழுவினர் ஆராய்ந்தது பாடசாலைப் பிள்ளைகளை. 1994 ஆம் ஆண்டு ஆய்வு போர் நடந்துகொண்டிருந்த காலத்தது. 1995 இன் வலிகாமப் பெரும் இடப்பெயர்வு, 2002 இன் போர்நிறுத்தம், 2004 இன் ஆழிப்பேரலை, 2006 இல் ஏ-9 வீதி மூடப்பட்டமை, 2009 இன் முடிவு ஆகியவை இந்த ஆய்வுகளுக்கு இடையில் நிற்கின்றன. மூன்று எண்களைக் கொண்டு இத்தனை காரணிகளைப் பிரிப்பது கணிதத்தால் ஆகாத காரியம். மூன்றாம் மட்டக் கூறு இங்கு அறியாமையின் அளவையே குறிக்கிறது.

இதில் ஒரு பகுதி ஆய்வாளர் கையில் இருக்கிறது. பழைய ஆய்வுகளின் மூலத் தரவை வைத்திருப்போர் இரண்டு சிறு அட்டவணைகளை வெளியிட்டால் போதும்: இடம்பெயர்ந்தோர், மீள்குடியேறியோர், நீண்டகால வதிவோர் என்ற பிரிவுவாரியான எண்ணிக்கைகள் ஒன்று, மனவடு நோய், பதகளிப்பு, மனச்சோர்வு மூன்றும் ஒரே மனிதரிடம் எந்தளவு சேர்ந்து வந்தன என்பதைக் காட்டும் இணைவு எண்கள் மற்றொன்று. இவை இல்லாமல் முதல் மட்டத்தைச் சரியாக அமைக்க முடியாது. முதல் மட்டம் பிசகினால் மேல்மட்டங்களில் செய்யும் எந்தச் சோதனையும் செல்லாது.