காந்தளூரின் கலம்

முதலாம் இராஜராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தியில், வேங்கைநாடும் கங்கபாடியும் ஈழமும் கொண்ட செய்திகளுக்கெல்லாம் முன்னதாக, காந்தளூர்ச் சாலையில் அவன் கலமறுத்த செயலே பேசப்படுகிறது என்பது சரித்திரம் பயின்றோர் அறிந்ததே. ஆயினும், தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய சக்கரவர்த்தி அவ்வளவு பெருமையோடு முதலிடம் தந்த அந்த ஸ்தலம் எங்கே என்று திருவனந்தபுரத்து வீதிகளில் தேடி நடப்பவனுக்கு, நாளந்தாவிலும் அங்கோரிலும் காண்பது போன்ற இடிந்த மதிலோ சரிந்த கோபுரமோ எதிர்ப்படுவதில்லை.

கிழக்கேக்கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவின் வாழைக்குலைகளையும் மூட்டைகளையும் விலக்கிக்கொண்டு சென்றால், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் வலியசாலை வருகிறது. அங்கே காந்தளூர் மகாதேவர் என்ற திருநாமத்தோடு சிவபெருமான் இன்றும் பூஜை கொள்கிறார். அறிஞர் பலர் பழைய காந்தளூர் இதுவே என்பர். வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் பழைய சாலையைப் பற்றி விசாரித்தேன். "சாலைக் கடைத்தெரு பின்னாலேயே போயிடுத்தே, இது கோயில் தெரு" என்று கைகாட்டி அனுப்பிவிட்டார்.

சாலை என்பது யாதென்பதற்கு விடை வேறோர் ஊரின் செப்பேட்டில் இருக்கிறது. ஆய் மன்னனாகிய கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் அளித்துப் பெற்ற இடத்தில் 866-ஆம் ஆண்டு விஷ்ணு ஆலயம் ஒன்றை எடுப்பித்து, அவ்வூருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, காந்தளூரின் மரியாதையையே பிரமாணமாகக் கொண்டு 95 மாணாக்கருக்கு ஒரு சாலையும் கண்டான். வியாகரணமும் மீமாம்சையும் பௌரோகித்யமும் அறிந்து, மூன்று ராஜ்யத்து விவகாரங்களுக்கும் வேண்டிய யோக்கியதை உடையவரே அதில் சேரலாம். தம்முள் கலகம் விளைத்தவர் தண்டம் இறுக்க வேண்டும். பிரம்மசாரிகள் எக்காலத்தும் பிரம்மசாரிகளே போலும்! அந்த 95 இடங்களையும் வேதசாகை வாரியாக 45, 36, 14 என்று வகுக்கும் செப்பேடு, ஒவ்வோர் இடத்தையும் குறிக்க ஆளும் சொல் 'கலம்' என்பதாகும்.

இராஜராஜன் அறுத்தது மரக்கலமே என்று கொண்டு, சேரரின் கப்பற்படை அழிந்த காட்சியைத் தீட்டியோர் பலர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையோ காந்தளூர்ச் சாலைக்கென்றே தனி நூல் எழுதி ஆராய்ந்தார். உண்கலம் இட்டுச் சோறு பெறும் உரிமையோடு கூடிய மாணாக்கனின் இடமே கலம் என்று கொள்வதற்குப் பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடே போதிய சாக்ஷியம் என்பது என் எண்ணம். அரசன் திருத்தியது அவ்விடங்களின் ஏற்பாட்டையாக இருக்கலாம். கப்பல் எரிவதைப் போல் அது கண்ணுக்கு விருந்தாகாது என்பது மெய்தான்.

நகரிலிருந்து தெற்கே, கோக்கருநந்தடக்கனின் மரபினரான ஆய்வேளிரின் துறைமுகமாயிருந்து, பாண்டியரும் சோழரும் மாறிமாறி அழித்த விழிஞத்தில், எட்டாம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் சிறு குடைவரை ஒன்று எஞ்சியிருக்கிறது. நாலு பேர் நின்றால் வழி அடைபடும் அந்தச் சிறு குகையின் உள்ளே வீணாதர தக்ஷிணாமூர்த்தியின் தனிச் சிற்பம் வைக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சுவரிலோ ஒருபுறம் வில்லேந்திய சிவனும் மறுபுறம் பார்வதியருகே நடமாடும் சிவனும் பாறையிலிருந்து பாதியே வெளிப்பட்டு நிற்கிறார்கள். உளி பட்ட புள்ளிகள் இன்னும் கரடாகவே இருக்கின்றன. சிற்பி ஏன் கைவிட்டான் என்று நான் யோசித்து நிற்கையில், 2025-இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தை நோக்கிய லாரி ஒன்று மணலை வாரி எறிந்துகொண்டு கடந்து போயிற்று.