சேமித்ததை அளப்பது எப்படி?

மின் கட்டணப் பட்டியலில் நாம் செலவழித்த யூனிட்டுகள் பதிவாகின்றன. செலவழிக்காமல் விட்ட யூனிட்டுகள் அதில் இடம்பெறுவதில்லை. ஆற்றல் சிக்கனம் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர், "சேமித்துவிட்டோம் என்கிறார்களே, சார், சேமித்ததை எந்த மீட்டர் காட்டும்?" என்று கேட்டார். மற்ற மாணவர்கள் சிரித்தனர். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. பொதுமக்களின் வரிப்பணத்தைச் செலவிட்டு ஒரு நகராட்சிக் கட்டடத்தைச் சீர்திருத்தினால், அந்தப் பணம் திரும்பி வந்ததா என்பதை எவ்வாறு அறிவது? அமெரிக்க ஐக்கிய நாடு இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மலிவு எண்ணெய்க் காலத்துக் கட்டடங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் எண்ணெயும் மின்சாரமும் மலிவாகக் கிடைத்தன. அக்காலத்தில் எழுந்த அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் பலவற்றில் சன்னல்களைத் திறக்க இயலாது. சுவர்களில் கண்ணாடி மிகுதி. வெப்பக் காப்பு குறைவு. வெளியே வெயிலாயினும் பனியாயினும் உள்ளே இயந்திரங்களே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை அவை.

1973 அக்டோபரில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெயின் விலை 1974 தொடக்கத்தில் ஏறத்தாழ 12 டாலராயிற்று. நகர மன்றங்களின் வரவுசெலவுத் திட்டத்தில் யாரும் பொருட்படுத்தாத சிறு இனமாக இருந்த எரிபொருள் செலவு திடீரெனப் பெரும் சுமையாக மாறியது.

1975 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஃபோர்டு, ஆற்றல் கொள்கை மற்றும் சிக்கனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்கள் சிக்கனத் திட்டம் வகுத்தால் நடுவண் அரசு நிதியுதவி அளிக்கும் என்றது அச்சட்டம். உதவி பெற விரும்பும் மாநிலங்களுக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. பொதுக் கட்டடங்களின் விளக்குகளுக்குத் திறன் வரையறை வகுப்பது அவற்றுள் ஒன்று. சிவப்பு விளக்கு எரியும்போது வண்டிகள் நின்று பார்த்து வலப்புறம் திரும்ப அனுமதிப்பது மற்றொன்று. இன்றும் அமெரிக்கச் சாலைகளில் காணப்படும் இப்பழக்கம் நாடெங்கும் பரவியதில் எண்ணெய் நெருக்கடிக்குப் பெரும் பங்குண்டு.

நோய் அறியப் பணம், மருந்துக்கு இல்லை

1978 நவம்பரில் கார்ட்டர் ஆட்சியில் தேசிய ஆற்றல் சிக்கனக் கொள்கைச் சட்டம் நிறைவேறியது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் தங்கள் கட்டடங்களைச் சீர்திருத்த ஆகும் செலவில் பொதுவாகப் பாதியை நடுவண் அரசு ஏற்கும். மறுபாதியை நிறுவனம் தேட வேண்டும். முதலில் ஆற்றல் தணிக்கை, அதன்பின் பொறியாளரின் ஆய்வு, இறுதியில் கருவிகள் என்று படிப்படியாக உதவி கிடைத்தது.

நகராட்சிகளின் நிலைமை வேறு. உள்ளாட்சிக் கட்டடங்களுக்குத் தணிக்கைக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும் மட்டுமே இச்சட்டம் பணம் ஒதுக்கியது. கருவிகளை வாங்கிப் பொருத்த ஒதுக்கவில்லை. மருத்துவர் நோயைக் கண்டறிந்து சீட்டு எழுதித் தந்துவிட்டார். மருந்து வாங்கக் கையில் காசில்லை என்ற கதைதான்.

1979-இல் ஈரானியப் புரட்சியை அடுத்து எண்ணெய் விலை மீண்டும் ஏறியது. அவ்வாண்டு ஜூலையில் ஒரு கடுமையான ஆணை வந்தது. பொதுக் கட்டடங்களையும் வணிகக் கட்டடங்களையும் கோடையில் 78 பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே (சுமார் 26 பாகை செல்சியஸ்) குளிர்விக்கக் கூடாது. குளிர்காலத்தில் 65 பாகைக்கு மேல் (சுமார் 18 பாகை செல்சியஸ்) சூடாக்கக் கூடாது. மக்கள் முணுமுணுத்தனர். 1981 பிப்ரவரியில் புதிய தலைவர் ரீகன் இந்த ஆணையை நீக்கினார்.

சிக்கனம் என்றால் வியர்ப்பதும் நடுங்குவதும்தான் என்ற தவறான எண்ணம் பலர் மனத்தில் அப்போது பதிந்துவிட்டது. ஓர் அறையை இருளாக்கிச் சேமிப்பது வேறு. அதே வெளிச்சத்தைக் குறைந்த ஆற்றலில் பெறுவது வேறு. முன்னது கட்டுப்பாடு; பின்னது திறன். கட்டுப்பாடு ஆணையோடு வந்து ஆணையோடு போய்விடும். பொருத்திய கருவி தன் ஆயுள் முழுவதும் உழைக்கும்.

டெக்சாஸ் கண்ட வழி

1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. சிக்கனப் பேச்சும் ஓய்ந்தது. ஆனால் அதே ஆண்டில் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு நிதி வந்தது. எழுபதுகளில் எண்ணெய் விலைக்கு அரசுக் கட்டுப்பாடு இருந்தது. அதை மீறிக் கூடுதல் விலை பெற்றதாக எக்ஸான் நிறுவனத்தின் மீது வழக்கு நடந்தது. 200 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரவேண்டும் என்ற தீர்ப்பு 1986-இல் உறுதியாயிற்று. பெட்ரோல் வாங்கிய ஒவ்வொருவரையும் தேடிப் பணம் கொடுக்க இயலாதாகையால், அத்தொகை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆற்றல் சிக்கனப் பணிகளுக்கே அதைச் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை.

டெக்சாஸ் மாநிலம் தனக்குக் கிடைத்த இத்தகைய பணத்தில் 9.86 கோடி டாலரைக் கொண்டு 1988-இல் ஒரு சுழல்நிதியை உருவாக்கியது. லோன்ஸ்டார் என்பது அதன் பெயர். அதைச் சொல்லும்போது, அம்மாநிலக் கொடியிலுள்ள தனி விண்மீனும் நினைவுக்கு வரும். 'கடன்' என்ற பொருளும் கேட்கும். மாநில அலுவலகங்களும் பள்ளி மாவட்டங்களும் உள்ளாட்சிகளும் இந்நிதியிலிருந்து கடன் பெறலாம். கருவியைப் பொருத்தியபின் மின் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து தவணை கட்ட வேண்டும். திரும்பி வந்த பணம் அடுத்த கட்டடத்துக்குக் கடனாகப் போகும். நன்கொடை ஒருமுறை செலவானால் தீர்ந்தது. சுழல்நிதியோ ஏற்றச்சால் போல இறங்கி இறங்கி ஏறும்.

ஆனால் மிச்சத்திலிருந்து தவணை கட்ட வேண்டுமானால், மிச்சம் எவ்வளவு என்று தெரியவேண்டுமல்லவா? நம் மாணவரின் கேள்வி இங்கேதான் வந்து நின்றது.

இல்லாததை அளத்தல்

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் இப்பணியை ஏற்றனர். கடன் பெற்ற கட்டடங்களில் மீட்டர்களைப் பொருத்தி, மணிக்கொருமுறை ஆற்றல் செலவைப் பதிவு செய்தனர். வெளி வெப்பநிலையையும் குறித்துவந்தனர். இரண்டையும் வரைபடத்தில் இட்டால் ஒரு தெளிவான உருவம் கிடைக்கும். குறிப்பிட்ட வெப்பநிலைவரை செலவு ஏறக்குறைய மாறாதிருக்கும். அதற்குமேல் வெயில் ஏற ஏற, குளிர்சாதனத்தின் செலவு நேர்கோடாக ஏறும். இதுவே அக்கட்டடத்தின் அடிக்கோடு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். சீர்திருத்துவதற்கு முன் ஒரு நகர மன்றத்தின் அன்றாடச் செலவு 400 யூனிட். வெளி வெப்பநிலை 18 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 30 யூனிட் கூடும். சென்ற ஆண்டு ஏப்ரலில் சராசரி வெப்பநிலை 25 பாகை. எனவே செலவு 400 + (7 × 30) = 610 யூனிட். புதிய கருவிகள் வந்தபின் இவ்வாண்டு ஏப்ரலிலும் மீட்டர் 610 யூனிட்டையே காட்டுகிறது. "பார்த்தீர்களா, பணம் வீண்!" என்று மன்ற உறுப்பினர் ஒருவர் கோபிக்கக்கூடும். ஆனால் இவ்வாண்டு ஏப்ரலின் சராசரி வெப்பநிலை 30 பாகை. பழைய கருவிகளே இருந்திருந்தால் 400 + (12 × 30) = 760 யூனிட் செலவாகியிருக்கும். ஆகவே நாளொன்றுக்கு உண்மையான சேமிப்பு 150 யூனிட். கட்டணப் பட்டியல்களை மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணுக்குத் தெரியாது. வெப்பமான ஆண்டில் நல்ல திட்டம் கெட்ட பெயர் வாங்கும். குளிர்ந்த ஆண்டில் ஒன்றுமே செய்யாதவர் பாராட்டு வாங்குவார்.

இந்த அளவீடுகள் வேறொரு வேடிக்கையையும் வெளிப்படுத்தின. பல பெரிய கட்டடங்களில் காற்று முழுவதையும் சுமார் 13 பாகை செல்சியஸ்வரை குளிர்வித்து எல்லா அறைகளுக்கும் அனுப்புவர். வெயில் படாத அறைக்கு அது மிகையான குளிர். எனவே அறையின் வாயிலில் அதே காற்றை மீண்டும் சூடாக்குவர்! குளிர்விக்க ஒரு செலவு. அதை நீக்க இன்னொரு செலவு. அறைக்குத் தேவையான அளவு காற்றை மட்டும் அனுப்பும் முறைக்கு மாற்றியபோது இரு செலவுகளும் குறைந்தன. விசிறியின் செலவோ அதைவிட விரைவாகக் குறைந்தது. விசிறிக்கு வேண்டிய திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் 0.8 × 0.8 × 0.8, அதாவது ஏறத்தாழ பாதித் திறனே போதும்.

ஆளில்லாத இரவில் ஓடிய இயந்திரங்களையும் எரிந்த விளக்குகளையும் மணிக்கணக்கான பதிவுகள் காட்டிக்கொடுத்தன. இவற்றைச் சரிசெய்யப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. கவனம் போதுமானதாக இருந்தது. 1996-இல் அமெரிக்க ஆற்றல் துறை சேமிப்பை அளந்து சரிபார்க்கும் பொது விதிமுறைகளை வெளியிட்டது. அவை பின்னர் பன்னாட்டு விதிமுறையாக வளர்ந்து இந்தியா உட்படப் பல நாடுகளில் பயன்பட்டு வருகின்றன.

ஒரு சிறு நகரத்தின் ஏற்பாடு

நிர்வாகத்திலும் ஒரு தடை உண்டு. ஒரு துறை மின்சாரத்தை மிச்சப்படுத்தினால், அடுத்த ஆண்டு அதன் ஒதுக்கீடு குறைக்கப்படும். மிச்சப்படுத்தியவருக்குக் கிடைக்கும் பரிசு வெட்டுதான்! மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. 1988-இல் 14 இலட்சம் டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு நகரக் கட்டடங்களைச் சீர்திருத்தியது. அக்கடன் தீர்ந்ததும், 1998 முதல் ஆண்டுக்கு ஓர் இலட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கி ஓர் ஆற்றல் நிதியைத் தொடங்கியது. நிதியால் பயன்பெற்ற துறை, கணக்கிட்ட சேமிப்பில் 80 விழுக்காட்டை ஐந்தாண்டுகள் நிதிக்குத் திருப்பித் தரும். 20 விழுக்காட்டைத் தானே வைத்துக்கொள்ளும். சிக்கனம் செய்தவர் கையிலும் ஏதோ மிஞ்சியது.

மழைபோல் வந்த பணம்

2007 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஒன்று, நகரங்களுக்கும் வட்டங்களுக்கும் நேரடியாக ஆற்றல் திறன் மானியம் வழங்க வழிசெய்தது. 1978-இல் விட்டுப்போன குறை ஏட்டில் நீங்கியது. ஆனால் 2009-இல் பொருளாதார மந்தத்தைப் போக்க 320 கோடி டாலர் ஒதுக்கப்பட்டபோதே பணம் வந்தது. ஆற்றல் அலுவலர் என்று ஒருவரைக்கூட அதுவரை அமர்த்தியிராத நகரங்களுக்கும் பணம் சேர்ந்தது. விரைந்து செலவிடவும் வேண்டும். விதிகளைப் பின்பற்றிக் கணக்கும் காட்ட வேண்டும். பல ஊர்கள் தடுமாறின. அதன்பின் இத்திட்டத்துக்குப் பெரும் ஒதுக்கீடு கிடைத்தது 2021 நவம்பர்ச் சட்டத்தில்தான். அப்போது 55 கோடி டாலர்.

எண்ணெய் விலை ஏறும்போதோ வேலையின்மை பெருகும்போதோ பணம் வருகிறது; அச்சம் தணிந்ததும் நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் ஐம்பதாண்டு வரலாறு இதைத்தான் காட்டுகிறது. இடையில் தொடர்ந்து நிலைத்தவை, சேமிப்பை அளந்து, அதிலிருந்தே அடுத்த பணிக்குப் பணம் தேடிய ஏற்பாடுகளே.

நம் நாட்டில் 2001-இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2002 மார்ச் 1-இல் ஆற்றல் திறன் செயலகம் தோன்றியது. 2015-இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. பொதுத்துறை நிறுவனம் முதலீடு செய்ய, உள்ளாட்சிகள் மின்சார மிச்சத்திலிருந்து திருப்பித் தருவது அதன் அடிப்படை. டெக்சாஸும் ஆன் ஆர்பரும் எதிர்கொண்ட அதே கேள்வி இங்கும் உண்டு: மிச்சம் உண்மையில் எவ்வளவு?

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மாதம் தினமும் ஒரே நேரத்தில் மின் மீட்டரைப் படித்து, அன்றைய வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வரைபடத் தாளில் புள்ளிகளாக இடுங்கள். அந்தக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன்பின் ஒரு விளக்கையோ விசிறியையோ மாற்றுங்கள். சேமித்ததைக் காட்டும் மீட்டர் கடையில் கிடைக்காது. நீங்கள் வரைந்த அந்தக் கோடுதான் அந்த மீட்டர்.