வெங்காயத்துக்குள் பணம்

பிட்காயின் நொடிக்குச் சுமார் 7 பரிவர்த்தனைதான் தாங்கும். அதுக்கு வழியா ஜோசப் பூனும் தாடியஸ் டிரைஜாவும் 2015-ல் முன்வெச்சது லைட்னிங் நெட்வொர்க். ரெண்டு பேர் ஒரு சேனல் திறந்து, கணக்கைத் தங்களுக்குள்ளேயே வெச்சுக்குவாங்க. நேரடி சேனல் இல்லையா? நடுவுல இருக்கறவங்க கை மாத்தி விடுவாங்க.

யாருக்குப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாதே! கைகொடுத்தது, 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த வெங்காய உத்தி. ஆளுக்கொரு தோல் உரிச்சா, அடுத்த ஆள் மட்டும் தெரியும்.

மேட்டர் என்னன்னா, சேனல்ல எந்தப் பக்கம் எவ்வளவு இருக்குங்கறதும் ரகசியம். அனுப்பறவர் குத்துமதிப்பா ஒரு வழியில விட்டு, முட்டினா வேற வழி தேடணும். சும்மா அனுப்பிப் பார்த்து, எந்தத் தொகையில முட்டுதுன்னு வெச்சே இருப்பைக் கணிக்கலாம்னு 2019-ல் ஆய்வாளர்கள் காட்டிட்டாங்க.

ரகசியத்துக்காகத் தாமதத்தைப் பொறுத்துக்கிட்டா, அந்த முட்டலே ரகசியத்தைக் கசியவிடுது. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?